ஓவியர் பீல்

அமெரிக்க நாட்டின் பழம்பெரும் நகரங்களுள் ஒன்று பிலடெல்பியா. அந்நாட்டின் விடுதலை அறிக்கை நிறைவேறிய மண்டபம் அந்நகரில்தான் உள்ளது. அதற்கு அணித்தே, பெருந்தூண்கள் நிரையாக நிற்கும் பழைய வங்கிக் கட்டடம் ஒன்று உண்டு. அதில் வரிசை வரிசையாக முகங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. விடுதலைப் போரை நடத்திய படைத்தலைவர்கள், சட்டம் வகுத்த சான்றோர், அறிவியல் அறிஞர், மேற்றிசைக் காடுகளைக் கடந்து சென்ற வழிகாண் வீரர் ஆகிய பலரும் அங்கே வண்ணத்தில் வாழ்கின்றனர். புகைப்படக் கலை தோன்றாத காலத்து முகங்கள் அவை. அவற்றுள் மிகப் பலவற்றைத் தீட்டியவர் சார்லஸ் வில்சன் பீல் என்பவர். அவர் ஓவியர் குடியிற் பிறந்தவர் அல்லர். இளமையில் ஓவியம் பயின்றவரும் அல்லர். குதிரைக்குச் சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர்.

பீல் 1741-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மேரிலாந்தில் பிறந்தார். அந்நாளில் மேரிலாந்து இங்கிலாந்து அரசருக்கு உட்பட்ட பதின்மூன்று குடியேற்ற நாடுகளுள் ஒன்று. அவர் தந்தையார் இலண்டன் அஞ்சல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவர். பொய்க் கையெழுத்திட்ட குற்றத்திற்காக அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. கடல் கடந்து வந்த அவர் மேரிலாந்தில் பள்ளியாசிரியரானார். கற்றவர், நயத்தகு பண்பினர், ஆனால் பொருள் இல்லாதவர். 1750-இல் அவர் இறந்தபோது மனைவியும் ஐந்து மக்களும் ஆதரவின்றி நின்றனர். மக்களுள் மூத்தவரான சார்லசுக்கு அப்போது வயது ஒன்பது. தாய் அன்னபோலிசு நகரிற் குடியேறி, பிறர்க்கு ஆடை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார்.

பதின்மூன்றாம் வயதில் பீல் ஒரு சேணத் தொழிலாளியிடம் பணியாளாகச் சேர்க்கப்பட்டார். அக்கால வழக்கப்படி, தொழில் கற்க வரும் சிறுவன் தன் ஆண்டுகளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் முடியும்வரை அவன் தன் விருப்பப்படி எங்கும் செல்ல இயலாது. கதிரவன் எழுந்தது முதல் மறையும் வரை வேலை. ஆண்டிற் பாதி நாட்களில் விளக்கேற்றிய பிறகும் இரவு ஒன்பது மணிவரை வேலை. தோலை அறுப்பதும், துளையிடுவதும், மெழுகு நூல் கோத்துத் தைப்பதுமாக ஏறக்குறைய ஏழாண்டுகள் கழிந்தன. ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த நாளின் மகிழ்ச்சியை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. கட்டுண்டு கிடந்தவனே விடுதலையின் சுவையை அறிவான் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆயினும், பிறர் ஒருவரைத் தாமே கட்டி வைத்திருந்த காலமும் அவர் வாழ்வில் வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1762-இல் பீல் ரேச்சல் என்னும் நங்கையை மணந்தார். கடன் வாங்கிச் சொந்தமாகச் சேணக்கடை வைத்தார். கடையில் வருவாய் போதவில்லை; கடன் வளர்ந்தது. எனினும் அவர் சோர்ந்து அமரவில்லை. தம் கடிகாரம் பழுதுற்றபோது அதனைப் பிரித்துப் பார்த்துத் தாமே சீர்செய்தார். உடனே கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலையும் மேற்கொண்டார். வெள்ளி வேலையும் கற்றார். ஒருவன் கை செய்யும் தொழிலை மற்றொருவன் கையும் பொறுமையிருந்தால் செய்யும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை அவரை வாழ்நாள் முழுதும் அலைக்கழித்தது. வாழ்நாள் முழுதும் உயர்த்தியதும் அதுவே.

தோல் வாங்குவதற்காக ஒருமுறை வர்ஜீனியாவிலுள்ள நார்போக் என்னும் துறைமுகத்திற்குப் பீல் சென்றார். அங்கே ஒருவர் வீட்டில் சில ஓவியங்களைக் கண்டார். அவை சிறந்த ஓவியங்களாக இருந்திருந்தால் அவர் வியந்து வணங்கிவிட்டுத் திரும்பியிருப்பார். சேணத் தொழிலாளியாகவே வாழ்ந்து மறைந்திருக்கவும் கூடும். நற்பேறாக அவை மிக மோசமான ஓவியங்கள். இவற்றைவிட நன்றாகத் தம்மால் தீட்ட முடியும் என்று பீல் எண்ணினார். ஊர் திரும்பியதும் தூரிகை எடுத்தார். தம் உருவத்தையும் மனைவியின் உருவத்தையும் தீட்டினார். அவற்றைக் கண்ட ஒருவர், தமக்கும் தம் மனைவிக்கும் படம் வேண்டுமென்று கேட்டு, அதற்குப் பத்துப் பவுன் கொடுத்தார். பல நாள் சேணம் தைத்தாலும் கிட்டாத பணம் அது.

ஆனால் வண்ணங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பிலடெல்பியாவிற்குச் சென்று வண்ணக்கடையில் நின்றபோது, எதனைக் கேட்டு வாங்குவது என்றே அவருக்கு விளங்கவில்லை. ஆகவே வெறுங்கையுடன் திரும்பி, ஒரு புத்தகக் கடைக்குச் சென்று, ஓவியத் தொழிலை விளக்கும் நூலொன்றை வாங்கினார். தங்கியிருந்த விடுதியிலேயே அமர்ந்து, சில நாட்கள் அதனைப் படித்தார். எந்த மண்ணிலிருந்து எந்த நிறம் வருகிறது, எண்ணெயில் எப்படிக் குழைப்பது என்பவற்றை அறிந்த பின்னரே மீண்டும் வண்ணக்கடைக்குப் போனார்.

நூல் மட்டும் போதாது என்பதும் அவருக்கு விரைவில் புலனாயிற்று. அன்னபோலிசுக்கு அண்மையில் ஜான் ஹெசீலியஸ் என்ற உருவ ஓவியர் வாழ்ந்தார். பீல் அவரிடம் சென்றார். கொடுக்கப் பணம் இல்லை. எனவே தம் கையால் தைத்த நல்ல சேணம் ஒன்றைக் கொடுத்து, அவர் படம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டார். ஹெசீலியஸ் நல்லாசிரியர். ஒரு முகத்தில் ஒரு பாதியைத் தாம் தீட்டி, மறுபாதியைத் தீட்டுமாறு பீலிடம் விட்டார். ஒளி விழும் கன்னத்தை ஆசிரியர் கை எப்படி அமைத்தது என்பதைப் பார்த்துப் பார்த்து, மறுகன்னத்தை மாணவர் கை அமைத்தது. ஒரு சேணத்தின் விலைக்கு இதனினும் சிறந்த கல்வியை எவரும் பெற்றிருக்க முடியாது.

இதற்கிடையே கடன்காரர்கள் நெருக்கினர். உள்ளூர்த் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு எதிராகப் பீல் வெளிப்படையாக உழைத்தார். அதனால் சினந்த செல்வர் சிலர் ஒருங்கே வழக்குத் தொடுத்தனர். சிறைக்கு அஞ்சிய பீல் 1765-இல் மனைவியை விட்டு ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. கப்பலேறிப் பாஸ்டன் நகரை அடைந்தார். அங்கே ஜான் சிங்கிள்டன் காப்ளி என்னும் ஓவியரைக் கண்டார். பட்டாடையின் பளபளப்பையும் மேசையின் மெருகையும் தொட்டுணரும்படி தீட்டிய வித்தகர் காப்ளி. அவர் பீலை அன்புடன் ஏற்று, பார்த்து எழுதுவதற்குத் தம் படமொன்றைக் கொடுத்துதவினார்.

ஊர் திரும்பிய பீலின் கைத்திறனைக் கண்ட மேரிலாந்துப் பெருமக்கள் சிலர் பொருள் திரட்டி, அவரை இலண்டனுக்கு அனுப்ப முன்வந்தனர். 1767-இல் அவர் இலண்டன் சேர்ந்தார். அங்கே பெஞ்சமின் வெஸ்ட் என்பவர் புகழுடன் விளங்கினார். அவரும் அமெரிக்காவிற் பிறந்தவரே. தம் நாட்டிலிருந்து வரும் இளம் ஓவியர் எவராயினும் அவர்க்குத் தம் கூடத்தைத் திறந்துவிடுவது வெஸ்டின் வழக்கம். பீல் அங்கே இரண்டாண்டுகள் பயின்றார். கித்தானில் தைலவண்ணம் தீட்டுவதோடு அமையாமல், யானைத் தந்தத் தகட்டில் உள்ளங்கையளவு உருவம் தீட்டுதல், செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடுதல், சுதையில் உருவம் வார்த்தல் ஆகிய அனைத்தையும் கற்றுக்கொண்டார். குடியேற்ற நாடுகளின் உரிமையைப் பறிக்கும் சட்டங்களை இங்கிலாந்து இயற்றிக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் அரசர் செல்லும்போது தொப்பியைக் கழற்றி வணங்குவதைப் பீல் நிறுத்திவிட்டார். வறிய மாணவர் ஒருவரால் செய்யக்கூடிய எதிர்ப்பு அவ்வளவே.

1769-இல் தாயகம் திரும்பினார். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் செல்வர் இல்லங்களுக்குச் சென்று படம் தீட்டிப் பழைய கடன்களை மெல்ல மெல்ல அடைத்தார். இக்காலத்தில் அவர் வீட்டில் ஒரு துயரம் நிகழ்ந்தது. 1772-இல் மார்கரெட் என்னும் பெண் குழந்தை பெரியம்மையால் இறந்தது. பீல் அக்குழந்தையை, அது கிடந்த நிலையிலேயே தீட்டினார். வெண்ணிற நாடாவால் கைகள் உடலோடு கட்டப்பட்டு, தாடை தாங்கிக் கட்டப்பட்டு, உறங்குவது போலக் குழந்தை கிடக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தைப் பெரிதாக்கி, அருகே தாய் ரேச்சலையும் தீட்டினார். தாயின் கண்கள் குழந்தையைப் பார்க்கவில்லை, மேல்நோக்கியிருக்கின்றன. கன்னத்தில் நீர் வழிகிறது. அருகே பயனற்றுப்போன மருந்துக் குப்பிகள். அவ்வோவியத்தைப் பீல் தம் கூடத்தில் திரையிட்டு மூடி வைத்திருந்தார். விரும்பினோர் மட்டுமே திரையை நீக்கிக் காணலாம். புகழ் பெற்ற தலைவர் பலரைத் தீட்டிய அவருடைய படங்களுள், பார்ப்பவர் நெஞ்சை முதலில் தொடுவது இப்படமே.

அதே 1772-ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னான் என்னும் பண்ணை வீட்டிற்குப் பீல் அழைக்கப்பட்டார். வீட்டுத்தலைவர் நாற்பது வயதினர். முன்னொரு போரில் வர்ஜீனியப் படையில் கர்னலாக இருந்தவர். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் தம் பழைய படையுடையை அணிந்து பீலின் முன் அமர்ந்தார். வாஷிங்டனை நேரிற் கண்டு தீட்டிய முதல் படம் அதுவே. அவர் ஒரு நாட்டின் தந்தையாவார் என்று அன்று எவரும் அறியார். அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பீல் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். இளைஞர் சிலர் மேலாடையைக் களைந்துவிட்டு இரும்புக்கோல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவ்வழி வந்த வாஷிங்டன், மேலாடையைக் கழற்றாமலே கோலை வாங்கி எறிந்தார். அது எல்லோர் எல்லையையும் தாண்டி விழுந்தது. அன்று தோற்று நின்றவர்களுள் பீலும் ஒருவர்.

1776-இல் பீல் குடும்பத்துடன் பிலடெல்பியாவிற் குடியேறினார். சில நாட்களில் விடுதலை அறிக்கை வெளிவந்தது. பீல் தூரிகையை ஒருபுறம் வைத்துவிட்டுக் குடிப்படையிற் சேர்ந்தார். அவ்வாண்டு திசம்பரில் வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கி, குளிரில் நடுங்கியபடி டெலவேர் ஆற்றைக் கடந்தது. கரையில் நின்று அப்படையைப் பார்த்துக்கொண்டிருந்த பீலை நோக்கி ஒருவன் வந்தான். உடம்பில் அழுக்குக் கம்பளி, சடைபிடித்த தாடி, முகமெல்லாம் புண். முகங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட பீலுக்கு அவன் யார் என்று தெரியவில்லை. அவன் பீலின் உடன்பிறந்த தம்பி ஜேம்ஸ்! பீல் தம் படைஞருக்கு உணவு தேடித் திரிந்தார். காலணி இழந்தவர்களுக்குத் தோல் கிடைத்தபோது, பழைய தொழில் கைகொடுக்க, தாமே மிதியடி தைத்துக் கொடுத்தார். 1777 சனவரியில் பிரின்ஸ்டன் போரிலும் ஈடுபட்டார். பாசறைகளில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் படைத்தலைவர்களின் சிற்றுருவங்களைத் தந்தத் தகட்டில் தீட்டினார். போருக்குச் செல்பவர் மனைவிக்கு அனுப்பிவைப்பதற்கு அத்தகைய சிறு படம் ஒன்றே அக்காலத்தில் உண்டு.

1779-இல் பென்சில்வேனிய ஆட்சிக்குழு வாஷிங்டனின் முழு உருவப் படம் ஒன்றைத் தீட்டுமாறு பீலைப் பணித்தது. பீல் தாம் கண்ட பிரின்ஸ்டன் போர்க்களத்தையே பின்னணியாக அமைத்தார். வாஷிங்டன் பீரங்கியின்மேல் கையூன்றிக் கால்களைக் குறுக்கே வைத்து இயல்பாக நிற்கிறார். காலடியில் பகைவரின் கொடிகள். வெற்றிச் செருக்கு முகத்தில் இல்லை; வேலையை முடித்துவிட்டு நிற்கும் குடியானவரின் அமைதி உள்ளது. இப்படத்திற்குப் பல இடங்களிலிருந்தும் தேவை எழுந்தது. பீல் அதனைப் பலமுறை திரும்பத் தீட்டினார். கடல் கடந்த நாட்டினர் அப்புதிய தலைவரின் தோற்றத்தை அறிந்தது இத்தகைய படங்களால்தான். பீலின் முன் வாஷிங்டன் ஏழு முறை அமர்ந்துள்ளார். வேறெந்த ஓவியர்க்கும் அவர் அத்தனை முறை அமர்ந்ததில்லை.

கைத்திறன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் பீல் முதல் இடம் பெறமாட்டார். காப்ளியின் நுட்பம் அவரிடம் இல்லை. அவருக்கு இளையவரான கில்பர்ட் ஸ்டூவர்ட், தோலின் கீழ் குருதி ஓடுவது போலத் தீட்டிய திறமும் அவரிடம் இல்லை. பீலின் முகங்கள் பெரும்பாலும் நீள்வட்டமானவை, ஒன்றையொன்று ஒத்தவை. ஆனால் அம்முகங்களில் ஒரு நட்பு உண்டு. பெரிய மனிதர் என்ற பகட்டுக்காக அவர் எவரையும் உயர்த்திக் காட்டவில்லை. எதிரே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் மனிதராகவே காட்டினார்.

போர் முடியும் தறுவாயில் பீல் தம் வீட்டை ஒட்டி ஒரு நீண்ட கூடம் கட்டி, விடுதலை வீரர்களின் படங்களை அங்கே மக்கள் காண வைத்தார். ஒருநாள், மண்ணிற் புதைந்து கிடைத்த ஒரு பெரும் விலங்கின் எலும்புகள் சிலவற்றைப் படமாக வரைந்து தருமாறு அவரிடம் கொடுத்திருந்தனர். படங்களைக் காண வந்தவர்கள் எலும்புகளைச் சுற்றி நின்றுவிட்டனர்! ஓவியங்களைக் காண்பதைவிட இத்தகைய இயற்கைப் பொருள்களைக் காணவே மக்கள் மிகுதியாக வருவர் என்று மைத்துனர் ஒருவர் கூறினார். வேறோர் ஓவியராயின் மனம் நொந்திருப்பார். பீலோ 1786-இல் பொருட்காட்சிசாலை ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் அரும்பொருள்கள் மன்னர், செல்வர் அறைகளில் பூட்டிக் கிடந்தன. கட்டணம் கொடுக்கும் எவரும் வந்து கற்கத்தக்கதாகத் தம் சாலை இருக்க வேண்டும் என்பது பீலின் நோக்கம். பறவை விலங்குகளைக் கெடாமல் பாடம் செய்யும் முறையைத் தாமே முயன்று கற்றார். பெஞ்சமின் பிராங்க்ளின் அனுப்பிய இறந்த பூனையைப் பாடம் செய்ய முயன்று தோற்றார். பின்னர்ப் பாஷாணத்தைப் பயன்படுத்திப் பூச்சிகளை வென்றார். ஆனால் அந்நஞ்சு அவர் உடலையும் வருத்தியது. வாஷிங்டன் தமக்குப் பிரான்சிலிருந்து வந்த பொன்னிறக் காட்டுக்கோழிகள் இறந்ததும் அவற்றை இவருக்கு அனுப்பினார். பறவையைக் கம்பியில் நிறுத்துவதோடு பீல் நில்லாமல், அது வாழும் நீர்நிலையையும் வானத்தையும் பேழையின் பின்புறத்தில் தீட்டினார். அப்பேழைகளுக்கு மேலே, சுவரின் உச்சியில், மனிதர் முகங்கள். உயிர்களின் வரிசையில் மனிதன் நிற்கும் இடம் அது என்று வருவோர் சொல்லாமலே உணர்ந்தனர். 1794-இல் சாலையைப் பெரிய கட்டடத்திற்கு மாற்றியபோது, வண்டிக்குச் செலவிடுவதைவிட அக்கம்பக்கத்துச் சிறுவரை அழைத்தார். காட்டெருமையைப் பெரியோர் தோளில் சுமந்து முன்செல்ல, பாடம் செய்த விலங்குகளை ஏந்திய சிறுவர் கூட்டம் தெருவில் ஊர்வலமாகச் சென்றது. இதனினும் சிறந்த விளம்பரம் இல்லை.

1801-இல் நியூயார்க் நாட்டுப்புறத்தில் நியூபர்க் என்னும் ஊருக்கு அருகே, ஓர் உழவரின் நிலத்தில் பேரெலும்புகள் கிடைத்த செய்தி வந்தது. பீல் விரைந்து சென்றார். கிடைத்த எலும்புகளுக்கு 200 டாலரும், மேலும் தோண்டும் உரிமைக்கு 100 டாலரும் கொடுத்தார். எஞ்சியவை நீர் நிறைந்த பள்ளத்தில் கிடந்தன. மனிதர் உள்ளே நடந்து சுழற்றும் பெருஞ்சக்கரம் ஒன்றை அமைத்து, வாளித்தொடர் கொண்டு நீரை இறைத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மகிழ்ந்து சக்கரத்தில் ஏறி நடந்தனர். அருகிலிருந்த வேறு நிலங்களிலும் தோண்டினர். பல மாத உழைப்பின் பின், கிடைக்காத எலும்புகளை மரத்தில் செதுக்கி இணைத்து, பதினோரடி உயரமுள்ள முழு எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தினார். யானையினத்தைச் சார்ந்த அவ்விலங்கினத்திற்குப் பிரெஞ்சு அறிஞர் கூவியே பின்னர் மாஸ்டொடன் என்று பெயரிட்டார்.

இதன் சிறப்பை அறிய, அக்கால நம்பிக்கை ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். படைக்கப்பட்ட உயிரினம் எதுவும் முற்றிலும் அழியாது என்றே பலரும் நம்பினர். மேற்றிசைக் காடுகளில் அப்பெருவிலங்கு இன்னும் உலவக்கூடும் என்று தலைவர் ஜெபர்சனே எதிர்பார்த்தார். கண்முன் நின்ற எலும்புக்கூடு, ஓர் இனம் அடியோடு மறைந்துபோதல் கூடும் என்னும் கருத்தைப் பொதுமக்கள் முன் வைத்தது. பிழையும் நேர்ந்தது. பீலின் மகன் ரெம்பிராண்ட் அதனை ஊனுண்ணி எனக் கருதி, தந்தங்கள் கீழ்நோக்கி வளைந்தவை என்று எழுதினார். தந்தங்கள் சிலகாலம் தலைகீழாகவே நின்றன. எலும்புகளைத் தோண்டியெடுத்த காட்சியைப் பீல் சில ஆண்டுகளுக்குப் பின் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அதில் பள்ளத்தைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்டோர் நிற்கின்றனர். அன்று அங்கே இல்லாத உறவினரும், அதற்குள் இறந்துவிட்ட அவருடைய இரண்டாம் மனைவியும் அவர்களிடையே உளர்.

எவரும் எதையும் கற்கலாம் என்ற தம் கொள்கையைப் பீல் முதலிற் சோதித்தது தம் குடும்பத்திலேயே. ஆண் மக்களுக்கு ராபேல், ரெம்பிராண்ட், டிஷியன், ரூபன்ஸ் எனப் பேரோவியர் பெயர்களையே இட்டார். பெண் மக்களுக்கும் பெண் ஓவியர் பெயர்களை இட்டார். தம்பியர்க்குத் தாமே ஆசிரியரானார். தம்பி ஜேம்ஸ் தேர்ந்த சிற்றுருவ ஓவியரானார். அவர் பெண்கள் அன்னாவும் சாராவும் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டு தம் கையால் பொருளீட்டினர். மகன் ரெம்பிராண்ட் உருவ ஓவியத்தில் பெயர் பெற்றார். மூத்த மகன் ராபேல் பழங்களையும் பாத்திரங்களையும் தீட்டுவதில் இணையற்றவர். 1795-இல் ராபேலும் அவர் தம்பி டிஷியனும் மாடிப்படியில் ஏறுவதாகப் பீல் ஒரு படம் தீட்டினார். அதனை உண்மையான கதவு நிலையில் பொருத்தி, கீழே உண்மையான மரப்படி ஒன்றையும் வைத்தார். அவ்வழியே சென்ற வாஷிங்டன் படத்திலிருந்த இளைஞர்களை உண்மையெனக் கருதித் தலைவணங்கிச் சென்றதாக ரெம்பிராண்ட் கூறியுள்ளார்.

ஆனால் அவ்வீட்டில் தூரிகை கொடுக்கப்படாத ஒரு சிறுவன் இருந்தான். அவன் பெயர் மோசஸ் வில்லியம்ஸ். ஒரு படத்திற்கு விலையாகப் பீல் பெற்ற அடிமைக் கணவன் மனைவியின் மகன். அடிமை முறையைச் சிறிது சிறிதாக ஒழிக்கும் சட்டம் பென்சில்வேனியாவில் 1780-இல் நிறைவேறியது. அதனை நிறைவேற்றிய மன்றத்தில் பீலும் உறுப்பினர். எனினும் மோசஸின் பெற்றோரை அவர் விடுவித்தது 1786-இல்தான். மோசஸை அப்போதும் விடுவிக்கவில்லை. பீலின் மக்கள் ஓவியம் பயின்ற அதே கூடத்தில், மோசஸ் விலங்குகளைப் பாடம் செய்யவும் பேழைகளை அடுக்கவும் பழகினார். மாஸ்டொடன் எலும்புகளைப் பொருத்துவதிலும் அவர் உழைப்பு உண்டு. ஏழாண்டுச் சேணப் பணியின் கட்டை நினைந்து நினைந்து பேசிய பீலுக்கு, தம் வீட்டிலிருந்த கட்டு நெடுநாள் கண்ணிற் படவில்லை. 1802-ஆம் ஆண்டளவில்தான் மோசஸ் விடுதலை பெற்றார்.

அவ்வேளையில் காட்சிசாலைக்கு நிழலுருப் பொறி ஒன்று வந்தது. அதன்முன் ஒருவர் பக்கவாட்டில் அமர்வார்; முகத்தின் விளிம்பைப் பித்தளைக் கோல் தொட்டுச் செல்லும்; அதே விளிம்பைச் சிறிதாக்கி மடித்த தாளில் பொறி பதிக்கும். அக்கோட்டின் வழியே கத்தரித்து உட்பகுதியை நீக்கிக் கருந்தாளின்மேல் ஒட்டினால், அவர் முகத்தின் நிழலுரு கிடைக்கும். நான்காக மடித்த தாளில் ஒரே முறையில் நான்கு உருவங்கள். வண்ண ஓவியத்திற்குப் பணம் கொடுக்க இயலாத எளியவர்க்குச் சில செம்புக் காசுகளில் தம் உருவம் கிடைத்தது. கத்தரிக்கும் வேலை மோசஸ் வில்லியம்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்ணிமையையும் மயிரிழையையும் கத்தரி முனையாலேயே காட்டிய அவர் கைத்திறன் விரைவில் நகரெங்கும் பரவிற்று. முதலாண்டிலேயே 8,000-க்கும் மேற்பட்ட நிழலுருக்களை அவர் கத்தரித்தார். வந்த வருவாயில் சொந்த வீடு வாங்கினார், மணம் செய்துகொண்டார்.

முதுமையிலும் பீலின் கைகள் ஓயவில்லை. எழுதும்போதே மற்றொரு படி தானே எழுதப்படும் இரட்டைப் பேனாப் பொறியைச் சீர்செய்து ஜெபர்சனுக்கு அளித்தார். தம் பல் விழுந்தபோது பீங்கானில் பல் செய்து பார்த்தார். சில ஆண்டுகள் பண்ணை வைத்து உழுதார். 1819-இல் வாஷிங்டன் நகருக்கு அணித்தான ஜார்ஜ்டவுனில் யாரோ மமூது என்னும் முதியவர் இருப்பதாகக் கேள்வியுற்றார். ஆப்பிரிக்காவிற் பிறந்து, இளமையில் அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுதலை பெற்று, உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடும் வங்கிப் பங்கும் வாங்கிய இசுலாமியர் அவர். அவருக்கு வயது நூற்று நாற்பது என்று ஊரார் கூறிய கதைதான் பீலை முதலில் இழுத்தது, அக்கதை மெய்யன்று, மமூதுக்கு எண்பதுக்குச் சற்று மேலிருக்கும். பீல் அவரை எதிரே அமரச் செய்து படம் தீட்டினார். கம்பளித் தொப்பியின் கீழ், சுருக்கம் விழுந்த கண்களில் நகை தவழும் அம்முகம், படைத்தலைவர்களைத் தீட்டிய அதே மதிப்புடன் தீட்டப்பட்டுள்ளது. பீல் பின்னாளில் தீட்டிய உருவங்களுள் இதுவே தலைசிறந்தது எனலாம்.

1822-இல், எண்பத்தோராம் வயதில், காட்சிசாலைக்காகத் தம் முழு உருவத்தைத் தாமே தீட்டினார். முதியவர் ஒருவர் செந்நிறத் திரையைக் கையால் உயர்த்திப் பிடித்துள்ளார். பின்னே நீண்ட கூடம். வரிசையாகப் பறவைப் பேழைகள். மேலே மனித முகங்கள். திரையோரத்தில் மாஸ்டொடன் கால்கள். முன்புறத்தில் வண்ணத்தட்டும் தூரிகையும் கிடக்கின்றன. உள்ளே வருமாறு நம்மை அழைப்பது போல் அவர் மறுகையை நீட்டியுள்ளார்.

1827 பெப்ரவரி 22-ஆம் நாள் பீல் காலமானார். அந்நாள் வாஷிங்டனின் பிறந்தநாள். அதற்குச் சற்று முன், பயணம் ஒன்றிலிருந்து திரும்புகையில், எண்பத்தைந்து வயதில் தம் பெட்டியைத் தாமே தோளில் சுமந்து நெடுந்தொலைவு நடந்ததுதான் அவர் உடலைத் தளர்த்தியது. பிலடெல்பியாவிலுள்ள பீட்டர் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

காட்சிசாலையை அரசு ஏற்று நடத்த வேண்டும் என்று பீல் பல ஆண்டுகள் வேண்டியும் அது நிறைவேறவில்லை. மக்கள் சிறிதுகாலம் நடத்தினர். பின்னர் அது நலிந்தது. பறவைகளும் விலங்குகளும் வேடிக்கைக் காட்சி நடத்துவோர்க்கு விற்கப்பட்டன. மாஸ்டொடன் கடல் கடந்தது. 1854 முதல் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரக் காட்சிசாலையில் நிற்கிறது. உருவப்படங்கள் அதே 1854-இல் ஏலத்திற்கு வந்தபோது, பிலடெல்பியா நகராட்சி அவற்றுட் பலவற்றை வாங்கிக் காத்தது. மோசஸ் வில்லியம்ஸ் கத்தரித்த நிழலுருக்களோ வீடுதோறும் சிதறிப் போயின. அவற்றின் அடியில் காட்சிசாலையின் முத்திரை மட்டும் இருந்தது. கத்தரித்தவர் பெயர் இல்லை. நிழலுரு வெட்டுபவர் மோசஸ் வில்லியம்ஸ் என்று பெயர் பொறித்த நிழலுரு ஒன்று பிலடெல்பியா நூலகத்தில் உள்ளது. அது நெடுங்காலம் ராபேல் பீலின் கைவேலை என்றே கருதப்பட்டுவந்தது. அதனை மோசஸ் தம் கையாலேயே கத்தரித்திருக்க வேண்டும் என்று அறிஞர் சிலர் இப்போது கருதுகின்றனர்.